எகிப்து காசும் எங்க வீட்டுப் புளியும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ரங்கூன் பபேடான்ல ஒரு கடையில காசு வைக்கிற பெட்டி செஞ்சு வாங்கி, மிங்கலாடோன்ல தேவியோட அப்பாகிட்ட கொடுக்கணும்.

தேவியை நான் கட்டிக்க ஆசைப்படுறேன். அவங்கப்பா இன்னும் பிடி கொடுக்கல. பழங்காசு சேர்க்கிறவர். பெட்டிக்குள்ள அளவா பள்ளம் வெட்டணுமேன்னு, உசுரா வெச்சிருக்கிற ஒரு காசை என்னை நம்பிக் கொடுத்தனுப்பினார். என்னை!

"ரோமாபுரி ராஜா எகிப்துல அடிச்ச வெண்கலக் காசு தம்பி. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் எகிப்து கோயில், உள்ள அவங்க அம்மன், ஐசிஸ். பத்திரம்!"

பெட்டி பிரமாதம். சிவப்பு வெல்வெட்டு! காசை உள்ள வெச்சுப் பாத்தேன். பாசி புடிச்ச குளத்துப்படி மாதிரி ஒரே பச்சை.

அம்மனை இந்தக் கோலத்துலயா கொண்டுபோய்க் கொடுக்கிறது?

வீட்டுக்கு ஓடினேன். குத்துவிளக்கு தேய்க்கிற புளியை எடுத்தேன். கொஞ்சம் சாம்பலும் சேர்த்தேன். தேய்ச்சேன் பாருங்க, தேய்ப்பு! தூண் தெரிஞ்சுது. வாசல் தெரிஞ்சுது. நடுவுல அம்மன் பளபளன்னு நின்னா.

பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா டோ மியா எட்டிப் பாத்தாங்க. "ஐயோ, கோயில்! உள்ள சாமி!" கும்பிட்டாங்க. பகோடாவுல புத்தர் சிலைக்கு ஒட்ட வாங்கி வெச்சிருந்த தங்கரேக்குல ஒண்ணை எடுத்தாந்து அம்மன் மேல ஒட்டியே விட்டாங்க.

நான் தடுக்கணுமா இல்லையா? குங்குமம் வெச்சேன்.

பஸ்ல போறப்போ ஒரே கனவு. இன்னிக்கு "தம்பி" போய் "மாப்பிள்ளை" வந்துடும்!

அவர் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பச்சை எங்க?"

"புளி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன் மாமா!"

"அந்தப் பச்சைதான்டா அதுக்கு மதிப்பே! ஆயிரத்தெண்ணூறு வருஷமா மண்ணுல கெடந்து ஏறின பச்சை!"

என் வாய் சும்மா இருக்கணுமே! "அப்போ... கல்யாண விஷயம்?"

"பச்சை திரும்ப வரட்டும். பேசலாம்."

இன்னிக்குக் காலையில தேவி போன் பண்ணினா. "கவலைப்படாதீங்க. அப்பாவுக்குத் தெரியாம காசை ஜன்னலோரம் வெச்சிருக்கேன். சாரல் நல்லா அடிக்குது."

பொறந்ததுலேர்ந்து ரங்கூன் மழையைத் திட்டினவன், இப்போ அது நிக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்.