சிவப்பைக் கண்டால் நிற்கும் விரல்

அன்பு மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்துப் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அக்கா காதில் விழுந்துவிடும். ஆஸ்பத்திரி வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு நோயாளி முனகினால் வாசலில் நின்றே கேட்டவள் அவள். ஆகவே இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நீ அனுப்பிய டிஜிட்டல் கேமரா கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. என் பழைய லென்ஸை அதில் மாட்ட நீ சேர்த்து அனுப்பிய வளையமும் வந்தது. கல்யாணமான புதிதில் நான் ஆசைப்பட்டு வாங்கிய லென்ஸ் அது, உனக்கே தெரியும், ஃபோகஸை நாமேதான் கையால் திருகி வைக்க வேண்டும். அதை நம்பித்தான் உன் அக்கா பணி ஓய்வு பெறுகிற அன்று ஊழியர்களோடு அவளை நானே படம் எடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சவடால் அடித்து, அவர்கள் சொல்லிவைத்திருந்த ஸ்டுடியோக்காரரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஏதோ ஒரு படம் இல்லை, மைத்துனா. அந்த வார்டு நடையில் இதுவரை ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ்கள் ஐந்து பேர், அவரவர் கடைசி நாளில் ஊழியர்கள் நடுவே நின்று எடுத்த படங்களாகச் சுவரில் இருக்கிறார்கள். ஆறாவது ஆணி உன் அக்காவுக்காகக் காத்திருந்தது. அதைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் கடைசி வாரம் சீருடைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

முதல் வம்பு கேமராவைத் திறந்ததுமே ஆரம்பித்தது. கால் கிலோ கண்ணாடியை அதன் மூக்கில் மாட்டிவிட்டுப் பார்த்தால், லென்ஸ் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. உனக்குப் போன் போட்டேன். "பழைய லென்ஸ் அத்தான், கேமராவுக்கு அதை அடையாளம் தெரியாது. லென்ஸ் இல்லைன்னாலும் எடுன்னு மெனுவுல ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க" என்றாய். போட்டேன். அப்புறம், தானாக ஃபோகஸ் ஆகாது, ஆனால் உதவிக்கு இரண்டு வழி இருக்கிறது என்றாய். ஒன்று, பொத்தானை அழுத்தினால் படத்தின் ஒரு துண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இன்னொன்று, எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். "சிவப்பு வந்தா அமுக்குங்க அத்தான், அவ்வளவுதான்" என்றாய். நீ சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. அதில் உன்மேல் குற்றமில்லை.

பெரிதாக்குவதை வீட்டில் பழகிப் பார்த்தேன். உன் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுக்கு வைத்தேன், கை கொஞ்சம் ஆடியதும் காது போய்ப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பி வந்தது. பத்து மடங்கில் அந்தக் கம்பியின் தூசியைப் பார்த்ததும் சும்மா இருந்திருக்கலாம். "இங்க எவ்வளவு ஒட்டடை பாரு" என்று சொல்லித் தொலைத்தேன். அன்று முழுக்க நான்தான் ஜன்னல் துடைத்தேன். மறுநாள் மின்விசிறி. மூன்றாம் நாள் அவளே கேமராவை எடுத்து நீட்டி, "பீரோவுக்கு மேல ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். அத்தோடு பெரிதாக்குகிற பொத்தானைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, சிவப்புக் கோட்டையே நம்பிப் போனேன்.

விசேஷ நாள் காலை. ஆஸ்பத்திரி வாசல் படிகளில் மூன்று வரிசையாக நாற்பது பேர், நடுவில் உன் அக்கா. ஒரு ஓரத்தில் மருந்தகக்காரர், இன்னொரு ஓரத்தில் அறுவை சிகிச்சை டாக்டர். நான் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கேமராவின் சின்னச் சாளரத்தில் கண்ணை வைத்து லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகினேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எல்லாமே ஒன்றுதான், சிவப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது. வந்தது பார், நாற்பது பேர் தலையிலும் தோளிலும் சரசரவென்று சிவப்பு. அழுத்த வேண்டியதுதானே என்கிறாயா. நானும் அதையேதான் என் விரலிடம் சொன்னேன். முப்பத்து நான்கு வருஷம் ரயில் ஓட்டியவன் நான். மழையிலும் பனியிலும் ஒரு தடவைகூட சிவப்பைத் தாண்டியதில்லை, அதற்குச் சான்றிதழே இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அது மரத்துப்போய் நிற்கிறது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கை தன் பாட்டுக்கு வளையத்தைத் திருகுகிறது, சிவப்பு ஒவ்வொருவர் மேலிருந்தும் இறங்கிப் போகிறது, கடைசியில் ஒரு கோடும் இல்லை, பாதை சுத்தம், உடனே விரல் படக்கென்று அழுத்திவிடுகிறது. ஒரு தடவை இல்லைடா, பதினோரு தடவை.

"சார், பத்தரைக்கு எனக்காக ஒரு வயிறு மயக்கத்துல காத்துக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர். "இதோ, இதோ" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாவதை ஒழுங்காக எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். மருந்தகக்காரர் எந்நேரமும் தலையைச் சாய்த்துக்கொண்டே நிற்கிறார், சொன்னால் புரியவில்லை. உன் அக்காவிடம் கேமராவைக் கொடுத்து, "ஒரு நிமிஷம் பிடி" என்று சொல்லி, அவள் இடத்தில் நானே போய் நின்று, எல்லாரும் எப்படி நிற்க வேண்டும் என்று கையை விரித்துக் காட்டினேன். காட்டி முடித்துத் திரும்புவதற்குள் டாக்டர் போய்விட்டார், அவர் போனதும் வரிசை கலைந்துவிட்டது. பன்னிரண்டாவது படம் இல்லாமலே போயிற்று.

சாயங்காலம் கணினியில் பார்த்தோம். முதல் படம், மூட்டம். இரண்டாவது, அதே மூட்டம்.

"இதுல நான் எங்க?" என்றாள்.

"நடுவுல, அந்த வெள்ளைத் திட்டு."

"எல்லாமே வெள்ளைத் திட்டாதானே இருக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதினொன்று முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டு, கார்டை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். திட்டவில்லை. நாலு நாளாகப் பேச்சே இல்லை, வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். பாத்திரத்தைக் காட்டினாள், தேய்த்தேன். துடைப்பத்தைக் காட்டினாள், பெருக்கினேன். எனக்கு மனசே ஆறவில்லையடா. முப்பத்தாறு வருஷம் உழைத்தவளுக்கு அந்தச் சுவரில் ஒரு ஆணி அளவு இடம் இருந்தது, அதையும் கெடுத்துவிட்டேன்.

அதனால் உன்னிடம் ஒரே ஒரு உபகாரம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, நீ அனுப்பிய வளையம் லூசாக இருந்தது, அதனால்தான் படம் கலங்கிவிட்டது, அத்தான்மேல் தப்பே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. நீ தம்பி, உன்னைத் திட்டினாலும் சோறு போடுவாள். என் நிலைமை அப்படியில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் நீண்ட ஆயுளோடும் தெளிவான படங்களோடும் வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. உறையை ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு உன் அத்தான் வீடு முழுக்கப் பசை தேடிக்கொண்டிருக்கிறார். பசை என் கையில் இருக்கிறது. நீ வந்து பொய் சொல்லவேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் பன்னிரண்டாவது படம் இருக்கிறது. அவர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனபோது உள்ளே பார்த்தேன், வளையத்தை லேசாகத் திருப்பியதும் எல்லார்மேலும் சிவப்பு. எங்கள் வார்டில் கட்டிலுக்கு மேலே நோயாளி கூப்பிடுகிற சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடிப்போய் அதை அணைக்கிற பொத்தானை அழுத்துவோம். என் விரலுக்கும் முப்பத்தாறு வருஷப் பழக்கம், அழுத்திவிட்டது. மருந்தகக்காரரின் மீசை முடிகூடத் தெரிகிறது. நேற்றே சட்டம் போட்டு ஆறாவது ஆணியில் மாட்டியாயிற்று. கீழே என் பெயர், மேலே நடுவில் உன் அத்தான் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். வார்டில் எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள், எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. அந்தக் கோட்டின் நிறத்தைப் பச்சையாக மாற்ற மெனுவில் வழி இருப்பதைப் பார்த்தேன், அதை மாற்றிக் கொடு. சுவருக்கு அவர் போதும், எனக்கு அவர் கையால் எடுத்த என் படம் ஒன்று வேண்டும். அதுவரை இதில் ஒன்றையும் அவரிடம் சொல்லிவிடாதே. பரண் இன்னும் பாக்கி இருக்கிறது.