கசாயக்காரரின் ரத்தம்

ஒரு நர்ஸின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே மாத்தளை மாவட்டத்தில் ஒரு மனிதர் பிறந்திருக்கிறார் என்றால், அது கசாயக்காரர்தான். பேரைச் சொல்ல மாட்டேன். எங்கள் கிளினிக்கில் யார் பேரும் வெளியே போகாது.

அவர் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி. மிளகு வழுக்கைக்கு, கறுவா மூட்டுவலிக்கு, ஏலக்காய் மாமியார் தொல்லைக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து எட்டு வருடம். குளிசை, அதுதான் மாத்திரை, கொடுத்தால் தொடமாட்டார்.

"தினமும் மிளகுக் கசாயம் குடிக்கிறேனே மிஸி, எனக்கு என்ன பயம்?"

கொடுமை என்னவென்றால், தொற்று இருப்பது உறுதி, ஆனால் எத்தனை தடவை ரத்தம் எடுத்து எண்ணினாலும் சோதனையில் கிருமி அகப்படாது. ரிப்போர்ட்டை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, வாங்குப் பலகையில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாங்கில் ஒருநாள் உக்குவளை ஊர்ப் பிள்ளையொருத்தி உட்கார்ந்திருந்தாள். நாலு மாதக் கர்ப்பம். அதே நோய். குளிசை போட்டால் வாந்தி என்று அழுதுகொண்டிருந்தவள். அடுத்த மாதம் வரவேயில்லை. தேடிப்பிடித்துக் கூட்டிவந்து ரத்தம் எடுத்தால், இறங்கியிருந்த கிருமி மளமளவென்று ஏறியிருந்தது.

"ஏன் குளிசை போடல?"

"கசாயமே போதும்னு அந்த அண்ணன் சொன்னாங்க மிஸி."

அன்று நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். "வயித்துல இருக்கிற குழந்தைக்குத் தொத்தினா உங்க மிளகு வந்து பார்க்குமா?" என்று கசாயக்காரரை இழுத்துக்கொண்டுபோய் டொக்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

டொக்டர் சாந்தமாகச் சொன்னார். "கசாயம் இல்லீங்க. சில பேரோட உடம்பே கிருமியைக் கட்டிப்போட்டுடும். அது பிறப்புல வர்ற குணம். உங்க அப்பா அம்மா கொடுத்தது."

"எங்கப்பாவா? எனக்கு உடுக்க ஒரு சாரம்கூட வாங்கித் தராத மனுஷன் டொக்டர் அது!"

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு அந்தக் குணம் இல்லையா?" என்றார் பிறகு, குரல் இறங்கி.

"எல்லாருக்கும் வாய்க்காது. சிலருக்கு நோய் மெதுவாப் போகும், சிலருக்கு வேகமா. அவங்களுக்கு வேகமாப் போகுது. உங்களுக்கும் கடைசி வரைக்கும் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது."

கசாயக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆள் தப்பிவிட்டார் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் வாங்கில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, நான் சொன்னது தப்பு. என் உடம்பு வேற, உன் உடம்பு வேற. மிஸி, எனக்கும் குளிசை கொடுங்க."

எட்டு வருடம் நான் கெஞ்சியும் திறக்காத வாய்! அவள் பார்த்திருக்க விழுங்கினார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அவளுக்கு போன்: "நான் முழுங்கிட்டேன். நீ?" அது முடிந்ததும் எனக்கொரு போன், அவள் விழுங்கிவிட்டாள் என்று. ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார், பாவி மனுஷன்.

குழந்தை பிறந்தது. அதன் கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்த அன்று, கசாயக்காரர் குழந்தையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"குளிசைதான் மிஸி, ஒத்துக்கிறேன். ஆனா அவளுக்கு வாந்தி வராம அது உள்ள இறங்கினது என் இஞ்சிக் கசாயத்தாலதானே?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு எனக்கும் ஒரு போத்தல் கொண்டு வாங்க" என்றேன்.