மூன்று கால் நாற்காலியும் என் செங்கல்லும்

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை வக்கீல் அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த மாமனார் எழுதுவது. இங்கு என் மூட்டுவலி நலம். அங்கு உங்கள் கட்சிக்காரர்களின் சண்டை சச்சரவுகள் குறைவில்லாமல் நடக்க வேண்டுகிறேன்.

நிற்க. முப்பது வருஷம் அலைந்து சேர்த்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் சிலைகளையும் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக் கொடுத்தேனே, அதை வைத்துக் கலைக்கூடம் திறந்து வாசலில் என் பெயரைப் பித்தளையில் பொறித்தார்களே, அந்தக் கட்டடத்திலிருந்து நேற்று என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். குற்றம், என் நாற்காலியில் நான் உட்கார்ந்தது. உங்கள் மாமியார் ஏறி நின்று வீட்டில் ஒவ்வொரு படத்தையும் மாட்டிய நாற்காலி அது. ஒரு கால் உடைந்து, அந்த மூலைக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, "நாலு கால் இருந்தாத்தானே நாற்காலி, இது முக்காலி" என்று அவளே பேரும் வைத்தாள். அவள் இறந்த மாதத்தில் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றியது. நாற்காலியும் காணாமல் போனது. ஒரு வருஷமாகத் தேடுகிறேன். போன வாரம் கலைக்கூடத்து மாடியில் பார்த்தால், சுற்றிலும் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு, 'முக்காலி. மரம். இல்லாத காலின் வழியே இழப்பைப் பேசுகிறது' என்று அட்டை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தவரை அது ஒரு வார்த்தை பேசியதில்லை, கிறீச்சிட்டதோடு சரி.

கலைக்கூடத்து இயக்குநர் அம்மா நன்கொடைப் பட்டியலை எடுத்து நீட்டினார். உங்கள் மாமியார் கையெழுத்து. கடைசி வரி, 'முக்காலி ஒன்று'. நான் படிக்காமல் ஒப்பமிட்டது.

"அவ ஏதோ தப்பா எழுதிட்டாம்மா. அது எங்க வீட்டு உடைஞ்ச நாற்காலி."

"மெதுவா பேசுங்க சார். ஒரு மாணவி இதை வச்சுத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கா."

நான் விடுவேனா? நேற்று அந்தச் செங்கல்லையே சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாசல் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். போகட்டும் என்று வெறுங்கையோடு கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தேன். அடியில் 'படக்'கென்று ஒரு சத்தம். நான் லட்சியம் செய்யவில்லை. படங்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், பித்தளைப் பெயரைக் கழற்றி விற்கட்டும். அவள் கால் பட்ட அந்தப் பலகை எனக்கு வேண்டும். அவள் ஞாபகமாக வேறு எதையும் நான் கேட்டதில்லை. தலையே போனாலும் விடமாட்டேன். காரசாரமாக ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நாளையும் போவேன், நாளையும் உட்காருவேன்.

மகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வணங்காமுடி மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் வீட்டம்மா போன் செய்தாள். "அப்பா, அம்மா நாற்காலி எங்க வீட்லதான் இருக்கு. லாரி வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன். கேட்டா குடுத்திருப்பீங்களா?" நீங்கள் தினமும் கறுப்புக் கோட்டை மாட்டிவைப்பது அதில்தானாம். கலைக்கூடத்தில் இருப்பது, உங்கள் மாமியார் ஏறி நிற்பதைப் பார்த்து ஒரு சிற்பி செய்து அவளிடம் கொடுத்ததாம். அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். நோட்டீஸ் வேண்டாம். அவர்கள் எனக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் அந்தப் 'படக்' இரண்டாவது கால். நீங்கள்தான் வாதாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கோட்டை எடுத்துவிடுங்கள். தச்சரைக் கூப்பிட்டு நாலாவது காலை மட்டும் வைத்துவிடாதீர்கள். செங்கல் நான் கொண்டுவருகிறேன். டோக்கன் பத்திரமாக இருக்கிறது.