தலைவருக்கு ஒரு ஓட்டு

என் மகள் பூமாவின் படிப்பை நிறுத்திவிடுவது என்று நான் ஒரு திங்கட்கிழமை காலை தீர்மானம் செய்தேன். தீர்மானத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் தீர்மானங்கள் வீட்டில் நிறைவேற அது ஒன்றுதான் வழி.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறோம். ஓட்டு வீடுதான்; ஆனால் எனக்கு ஓட்டு கிடையாது. சர்வாதிகாரம் முழுவதும் என் மனைவி குமுதவல்லியிடம். ஆபீஸில் அப்படியல்ல. திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் ஹெட்கிளார்க் சௌரிராஜன். யார் எந்த நகல் எழுதினாலும் அதைத் திருத்துகிறவன் நான். ஒரு கமாவையாவது எடுக்காமல் எந்தக் காகிதத்தையும் மேலே அனுப்பியதில்லை. பகல் முழுவதும் திருத்துகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என்னைத் திருத்துகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் மானேஜராக இருப்பவரின் சம்சாரம் வேதவதி அம்மாள் எழுதியிருந்தாள்; உறவுக் கல்யாணங்களில் பார்த்த பழக்கம். அவர்கள் பிள்ளை யதிராஜன் பி.ஏ. முதல் வருஷம். பூமாவுக்கு வயது பதினைந்து, ஹைஸ்கூலில் ஐந்தாவது பாரம். ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். தை மாதத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். நான் அன்றைக்கே பதில் போட்டேன். “ஆகட்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம்.” இதில் ஒரு கமாகூட அதிகமில்லை. அவள் கடிதத்தைக் கோட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு வீடு வந்தேன்.

வாசலிலேயே பூமா பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, எங்க ரோஷன் பேகம் டீச்சர் ஒரு வேலை குடுத்திருக்கா. டில்லியிலே நம்ம தேசத்துக்கு அரசியல் சட்டம் எழுதிண்டிருக்காளோன்னோ? அந்த நகல்லே தனி மனுஷாளுக்கு என்னென்ன உரிமை இருக்கு, அதுக்கு என்னென்ன திருத்தம் வந்திருக்குன்னு தேடி எழுதணும்.”

திருத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு அங்குலம் உயரம் கூடியது. தவிர, பாவம், குழந்தை பள்ளிக்கூடத்துக்குச் செய்யப்போகிற கடைசி வேலை. தாராளமாகச் செய்துகொடுத்துவிடலாமே!

“தேடறதாவது! சட்டம் பூரா எனக்கு மனப்பாடம். கேளு, சொல்றேன்.”

“அடிப்படை உரிமைன்னா என்னப்பா?”

“அடிப்படைன்னா... அஸ்திவாரம். அஸ்திவாரம் இல்லாம கட்டின ஆம் நிக்குமா?”

“நிக்காது.”

“அதேதான். எழுதிக்கோ.”

பூமா எழுதிக்கொண்டாள். சமையலறையிலிருந்து குமுதவல்லியின் குரல் வந்தது. “அஸ்திவாரத்துக்கு மேலே ஏதாவது உண்டா, கேட்டுக்கோடி.”

“உண்டு. நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

மறுநாளும் ‘நாளைக்கு’ என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வரை நாளைகளாகவே ஓட்டினேன். ஏழு நாளில் நான் சொன்ன சட்டம் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் முன்னால் கூட்டமாம், அதற்குள் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் செவ்வாய் சாயங்காலம் சித்திரை வீதி வாசகசாலைக்குப் போனேன். அங்கே புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவர் பிச்சைமுத்து.

“அரசியல் சட்ட நகல் இருக்கா?”

“இருக்குங்க. ஆனா ஒரு அம்மா பூட்டி வெக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒரு வாரமா தினம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வர்றாங்க. இங்கிலீஷ் அகராதியும் கையுமா உக்காந்து, நாலு மணி வரைக்கும் எழுதறாங்க.”

“பொம்மனாட்டியா? சட்டமா? அவா ஆத்துக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“அவருக்குச் சட்டம் பூரா மனப்பாடமாங்க. அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் இங்க வர்றாங்களாம்.”

“யாரோ பெரிய வக்கீல் போலிருக்கு” என்றேன், மரியாதையோடு. இப்படிப்பட்ட மனிதர் ஊரில் இருக்கும்போது நான் பழகாமல் இருந்துவிட்டேனே என்று வருத்தமாகக்கூட இருந்தது. அந்த அம்மாளிடம் அரைமணி நேரம் புத்தகத்தைக் கேட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பல்வலி என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்தேன். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போதே வக்கீல் சம்சாரத்திடம் பேசவேண்டிய இங்கிலீஷ் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வாசகசாலைக்குள் நுழைந்தேன். ஜன்னலோரம் அந்த அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தொண்டையைக் கனைத்தேன். “எக்ஸ்கியூஸ் மீ, மேடம்” என்றேன்.

மேடம் திரும்பினாள். குமுதவல்லி!

“ஏன்னா, இந்த வேளையிலே இங்கே எங்கே?”

“பல்வலி” என்றேன்.

“பல்வலிக்கு வாசகசாலையிலேயா வைத்தியம் பண்றா?”

இப்போது நிஜமாகவே பல் வலித்தது. அவள் எதிரில் ஒரு நோட்டு. அதில் முத்து முத்தாகத் தமிழில் எழுதியிருந்தாள். பேசும் உரிமை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை. தேசம் முழுவதும் தடையில்லாமல் போய்வரும் உரிமை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பத்திரிகையில் வந்த திருத்தங்கள். ஆபீஸில் என் கீழ் இருக்கும் நான்கு குமாஸ்தாக்களும் சேர்ந்தால்கூட இப்படி எழுதமாட்டார்கள்.

“இங்கிலீஷ் உனக்கு எப்படி...?”

“நாலாவது பாரம் வரைக்கும் படிச்சேனே. மிச்சத்துக்கு அகராதி. ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆறது.” புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். “வேணும்னா பாருங்கோ. மறந்துபோனது ஏதாவது இருக்கும்.”

மறந்துபோவதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? நான் புத்தகத்தை ஒரு தரம் புரட்டிவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“அப்போ ஒரு உபகாரம் பண்ணணும். சனிக்கிழமை பெண்களெல்லாம் டில்லியிலே மாதிரியே சபை நடத்தப்போறா. ஒருத்தி திருத்தம் கொண்டுவருவா, இன்னொருத்தி எதிர்ப்பா, அப்பறம் ஓட்டு. அதுக்குத் தலைவரா பெரியவா ஒருத்தர் வேணுமாம். உங்களைத்தான் கேக்கணும்னு டீச்சர் ஆசைப்படறா.”

“என்ன பேசணும்?”

“ஒண்ணும் பேச வேண்டாம். மணி அடிச்சாப் போறும்.”

பேசத் தேவையில்லாத தலைமைப் பதவி! எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒப்புக்கொண்டேன். அந்த நிமிஷம் குமுதவல்லி நோட்டை மூடின வேகத்தைப் பார்த்தாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பஞ்சகச்சம், கோட்டு, அங்கவஸ்திரம் சகிதம் திருச்சியில் பூமாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹாலில் அறுபது எழுபது பெற்றோர். ரோஷன் பேகம் டீச்சர் என்னை மேடையில் உயர்ந்த நாற்காலியில் உட்கார்த்தினார்.

“சார் அரசியல் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவர்னு பூமா சொல்லுச்சு. அவர் வந்தது எங்க பாக்கியம்” என்று சபைக்கு அறிமுகம் செய்தார். கைதட்டல். நான் மணியை அடித்தேன். அவசியமில்லாமல் இன்னொரு தரமும் அடித்தேன்.

இருபத்தெட்டுப் பெண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேச்சுரிமை பற்றி ஒருத்தி பேசினாள். பிறகு சொத்துரிமை. எல்லாம் பிரமாதமாக நடந்தது. மூன்றாவதாகப் பூமா எழுந்தாள்.

“தலைவர் அவர்களே! நான் கொண்டுவரும் திருத்தம் இது. ‘பதினெட்டு வயது முடியும் முன்னால், எந்தப் பெண்ணையும், அவள் சம்மதமில்லாமல், கல்யாணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தக் கூடாது.’”

மணி என் கையிலிருந்து மேஜையில் விழுந்து தானாகவே அடித்தது.

அப்போதுதான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். குமுதவல்லி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அந்த விசிறியின் காற்று பாதி அவளுக்கும், மீதி அவள் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மண்ணச்சநல்லூர் வேதவதி.

“இந்தத் திருத்தம் ஒழுங்குக்கு உட்பட்டதா என்று...” என்று இழுத்தேன்.

“உட்பட்டதுதான், தலைவர் அவர்களே. நிகழ்ச்சிப் பட்டியலிலே மூணாவதா இருக்கு. காலையிலே நீங்களே கையெழுத்துப் போட்டேள்” என்றாள் பூமா.

போட்டிருந்தேன். படிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு கமாவும் திருத்தாமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது.

பூமா பேசினாள். “எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா நாலாவது பாரம் படிச்சிண்டிருந்தா. கிளாஸிலே அவதான் முதல். பூகோளப் பரீட்சையன்னிக்குக் காலையிலே, ‘இன்னிக்குப் போக வேண்டாம், பெண் பார்க்க வரா’ன்னு அவ ஆத்திலே சொல்லிட்டா. பென்சிலைச் சீவி வெச்சிண்டு காத்திருந்தாளாம். அந்தப் பென்சிலை அப்புறம் அவ தொடவே இல்லை.”

பெண் பார்க்கப் போனவன் நான். அன்றைக்குச் சொஜ்ஜியில் முந்திரிப்பருப்பு நிறையப் போட்டிருந்தார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரீட்சை இருந்தது எனக்குத் தெரியாது. பதினேழு வருஷமாக அவள் சொன்னதும் இல்லை. நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். விசிறி நின்றிருந்தது.

எதிர்த்துப் பேச மயிலம்மாள் என்ற பெண் எழுந்தாள். காட்டூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். “பொண்ணுங்களுக்குப் படிப்பு எதுக்குங்க? காலாகாலத்துல கல்யாணம் ஆகணுங்க” என்று விம்மி விம்மிப் பேசினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆஹா, கொள்கையில் என்ன உறுதி என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

ஓட்டு எடுத்தார்கள். ரோஷன் பேகம் டீச்சர் எண்ணினார். “ஆதரவு பதினாலு. எதிர்ப்பு பதினாலு.”

“அப்படியானால் திருத்தம் தள்ளுபடி” என்று மணியை எடுத்தேன்.

“இல்லை, தலைவர் அவர்களே. நகல் சட்டத்திலே இருக்கு. முதல் ஓட்டிலே தலைவர் கலந்துக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சமமா நின்னா, தலைவர் ஓட்டுப் போட்டே ஆகணும்” என்றாள் பூமா.

“சாருக்குத் தெரியாததா? எங்களைச் சோதிச்சுப் பாக்குறாங்க” என்றார் டீச்சர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் சமயம் தப்பி வந்தது.

எதிர்த்து ஓட்டுப் போட்டால் அறுபது எழுபது பேர் முன்னால் அவமானம். ஆதரித்தால் கடிதம் என்ன ஆவது? நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் நான் கடிதத்தை நினைக்கவில்லை, அவமானத்தையும் நினைக்கவில்லை. சீவி வைத்த பென்சிலைத்தான் நினைத்தேன்.

“ஆதரவு” என்றேன்.

ஹால் இடிந்து விழுகிறாற்போல் கைதட்டினார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட பதினாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. வேதவதி அம்மாள் மேடைக்கே வந்துவிட்டாள்.

“லெட்டரிலே ஒண்ணு எழுதினேள். மேடையிலே வேற சொல்றேள். நான் எதை வெச்சுக்கறது?”

நான் மணியை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

“இத்தனை பேர் முன்னாடி சொன்னதையே வெச்சுக்கறேன். எங்க யதிராஜனும் இப்போவே கல்யாணமான்னு ஒரு மாசமா முகத்தைத் தூக்கிண்டிருக்கான். ரெண்டு பேரும் படிச்சு முடிக்கட்டும். அப்பறம் அந்தக் குழந்தையைக் கேட்டுண்டு வரோம். உங்காத்துக்காரி எழுதி வரச்சொன்னதும் நல்லதாப் போச்சு.”

வீட்டுக்குத் திரும்பினதும் அடை வார்த்துப் போட்டாள் குமுதவல்லி. பூமா பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சரிடம் கொடுப்பதற்காக அன்றைய சபை நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு அடை உள்ளே போன பிறகு எனக்குத் தைரியம் வந்தது.

“குமுதா, நான் தலைவர் ஸ்தானத்திலே இருந்து சொன்னது வேற. அப்பா ஸ்தானத்திலே...”

“ரெண்டுக்கும் ஒரே கோட்டைத்தானே போட்டுக்கறேள். அதை வெளுக்கப் போடறச்சேதான் மண்ணச்சநல்லூர் லெட்டர் கிடைச்சுது.”

“சரி. ஒரு ஓட்டு அந்தப் பக்கம் போயிருந்தா? உங்க திட்டமெல்லாம் என்ன ஆயிருக்கும்?”

பூமா சிரித்துவிட்டாள். “எப்படிப்பா போகும்? கிளாஸிலே இருபத்தெட்டுப் பேரும் நம்ம பக்கம்தான். எதிர்த்து ஓட்டுப் போடுங்கோடின்னு பதினாலு பேரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. மயிலம்மாள் மாட்டவே மாட்டேன்னு ஒரே அழுகை. மேடையிலேகூட அழுகையை நிறுத்தலை.”

நான் அடையை விட்டுவிட்டேன். “இருபத்தெட்டும் உங்க பக்கம்னா, நேராவே ஜெயிச்சிருக்கலாமே! எதுக்கு இந்தப் பாடு?”

குமுதவல்லி மூன்றாவது அடையை என் தட்டில் போட்டாள்.

“நேரா ஜெயிச்சா அது குழந்தைகளோட தீர்மானம். சமமா நின்னாத்தானே அது உங்க தீர்மானம்? உங்க தீர்மானத்தை இந்தாத்திலே யாராவது மீறுவாளா?”

நான் தலையை ஆட்டினேன். ‘ஏகமனதாக’ என்று பூமா எழுதிக்கொண்டாள்.