எனக்கு நானே போட்ட ஐந்து மார்க்

நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளச் சொன்னால் கை தானாகவே தாராளமாகிவிடும். என் கை அதையும் தாண்டிப் போயிற்று.

ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு குடிமறுவாழ்வு இல்லம். அதை நடத்தும் அறக்கட்டளையில் நான் ஆறு வருஷமாக இயக்குநர். (குடி வாடையே தெரியாதவன். அதுதான் என் ஒரே தகுதி.) கூட்டமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹோட்டல் மாடியில். பால்கோவாவைத் தின்றுவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

அந்த வருஷம் தலைவர் பதவி காலியாயிற்று. எனக்கு அதன்மேல் ஒரு கண். இயக்குநர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட வேண்டும், அதைப் பார்த்துத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று மதுரையிலிருந்து ஒரு ஆலோசகர் அம்மா படிவம் அனுப்பினார். 'இல்லத்துக்கு அடிக்கடி போகிறேன். ஊழியர்கள் என்னை நன்கு அறிவார்கள்' என்ற வரிக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஒருநாள்கூட அந்த வாசலை மிதித்ததில்லை.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை இல்லத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

மச்சினன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி தூரத்தில் வழி தெரியாமல் டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும் இழுத்துட்டு வராம நீங்களாவே வந்துட்டீகள்ல அண்ணாச்சி, அதுவே பெருசு" என்று காசு வாங்காமல் டீ கொடுத்தார். (குடித்துத் தொலைத்தேன்.)

இல்லத்து வாசலில் காவலாளி மச்சினனை ஓரமாக அழைத்து, "நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நாளாக் குடிக்கிறீக?"

"யோவ், நான் இங்க டைரக்டர்!"

"சரிங்கய்யா. போன வாரம் ஒருத்தர் தாசில்தாருன்னாரு. செத்த நேரம் உக்காருங்க, டாக்டர் வந்துருவாரு."

மச்சினன் (பாவி) சிரிப்பை அடக்குவதிலேயே மும்முரமாக இருந்தான். நான் கத்தினேன். பெஞ்சில் இருந்த ஒருவர் என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். "நானும் மொத நாளு இப்படித்தான் சார் கத்துனேன்."

அந்த நேரம் பார்த்து ஆலோசகர் அம்மா என் படிவத்தோடு வந்து நின்றார். "இவரு யாருன்னு தெரியுதா?" என்று காவலாளியைக் கேட்டார்.

"புது அட்மிஷன் மேடம்."

விஷயம் புரிந்ததும் காவலாளி பதறிப்போனார். "பதினோரு வருசமா இங்கதான் இருக்கேன் சார். ஒங்களப் பாத்ததே இல்ல. வேலைய விட்டு எடுத்துராதீக" என்று என்னைக் கும்பிட்டார். தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தவர் கும்பிடுகிறார். ஆறு வருஷமாக ஏமாற்றியவன் நிற்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. படிவத்தை வாங்கி, ஐந்தை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

இப்போது சனிக்கிழமைதோறும் இல்லத்துக்குப் போகிறேன். மச்சினன் புண்ணியத்தில் சொந்தபந்தம் அத்தனைக்கும் கதை அரைகுறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது என் மனைவியிடம், "ஒம் வீட்டுக்காரரு நிப்பாட்டிட்டாராமே, சந்தோசம்" என்பார்கள்.

"குடிய அவிய தொட்டதே இல்ல" என்பாள் அவள். "பாக்காமயே கையெழுத்துப் போடுறதத்தான் நிப்பாட்டிருக்காக. அதுக்கே ஆறு வருசமாச்சு."