மாணவர் நல்லடக்கத் திட்டம்

பள்ளிக்கூடங்களில் சத்தம் வருகிறது என்பதைக் கல்வித்துறை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. உடனே ஒரு குழு உட்கார்ந்தது. டீயும் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு, மாணவர்களிடம் நல்ல அடக்கம் வேண்டும் என்று ஏகமனதாக முடிவெடுத்தது. மேலிடம் அதைச் சுருக்கி, திட்டத்துக்கு 'மாணவர் நல்லடக்கத் திட்டம்' என்று திருநாமம் சூட்டியது.

சுற்றறிக்கையைப் படித்த கணக்கு டீச்சர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டார். நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், நல்லடக்கம்னா செத்தவங்களைப் புதைக்கிறது சார்!"

தலைமையாசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுங்கம்மா. எனக்குத் தெரியாதா? மேலிடத்துல கையெழுத்து ஆயிடுச்சு."

"தப்புன்னு சொல்லித் திருத்தலாமே?"

"திருத்திட்டாங்களே. ரெண்டாவது சுற்றறிக்கையைப் பாருங்க."

பார்த்தார். 'இனி நல்லடக்கம் என்னும் சொல்லுக்கு நல்ல அடக்கம் என்பதே பொருள். ஏனைய பொருள்கள் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன. மாணவர்கள் வாயில் விரல் வைத்து அமர வேண்டும். சந்தேகம் கேட்க விரும்புவோர், சந்தேகம் தீர்ந்த பிறகு அனுமதி பெற்றுக் கேட்கலாம்.'

டீச்சர் அதற்குமேல் வாதாடவில்லை. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். தவளை தன் வாயால் கெடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இயக்குநர் பார்வையிட வரும் நாளில் வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள்: 'மாணவர் நல்லடக்கத்தை நேரில் காண வரும் இயக்குநர் அவர்களே, வருக!' சாலையில் போன ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார். பூங்கொத்து கொண்டுவந்த கடைக்காரர் பேனரைப் படித்ததும் திரும்பிப் போய் மலர்வளையத்தோடு வந்தார். வேறு வழியில்லாமல் தலைமையாசிரியர் அதையே நீட்டினார்.

"புது டிசைனா இருக்கே!" என்று இயக்குநர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

கணக்கு டீச்சரின் வகுப்பில் நாற்பது வாய்களிலும் விரல்.

"ஏழெட்டு எவ்வளவு?" என்றார் இயக்குநர்.

ஒரு விரலும் வாயை விட்டு இறங்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்திக்கு விடை கண்வரை வந்து முட்டியது.

"அற்புதம்! தெரிஞ்சும் சொல்லாம இருக்காங்க பாருங்க."

"தெரியாம இருந்தா சார்?" என்று தலைமையாசிரியர் மெல்லக் கேட்டார்.

"அதுவும் அடக்கம்தான்யா. இந்தத் திட்டம் தோற்கவே தோற்காது."

பிறகு ஆசிரியர்கள் அறையில் கூட்டம். டீச்சரின் பணி நிரந்தர ஆணை இயக்குநர் கையில் இருந்தது.

"திட்டத்துல ஏதாவது குறை இருக்கா? பேர்லகூட இருக்கலாம். மனசு விட்டுச் சொல்லுங்க."

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். டீச்சருக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் விழுங்கிவிட்டார்.

இயக்குநர் பெருமூச்சு விட்டு ஆணையை அவரிடம் கொடுத்தார். கொடுக்கும்போது காதோரம் குனிந்தார்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும்மா. மேலிடத்துகிட்ட நான் எப்படிச் சொல்றது? உங்கள்ல யாராவது வாயைத் திறந்தா, உங்க பேரைச் சொல்லி மாத்திடலாம்னு பார்த்தேன்."

டீச்சர் திகைத்துப்போய் அவர் கழுத்தைப் பார்த்தார்.

"இது என்ன வளையம்னும் தெரியும்" என்றார் இயக்குநர். அதை நேராக்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். ஆணையைப் பிடித்தபடி டீச்சரும் பக்கத்தில் நின்று சிரித்தார்.