டிராகனை மொழிபெயர்த்த கதை

பயோடேட்டாவில் ஒரு பொய்கூட எழுதாமல் பெங்களூரில் வேலை வாங்கியவர்கள் இருக்கலாம். நான் பார்த்ததில்லை. என்னுடைய பயோடேட்டாவில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் தெலுங்கு என்று எழுதிய பிறகும் வரியில் இடம் மிச்சமிருந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று 'ஜப்பானியம்' என்று சேர்த்தேன். ('ஆரம்பநிலை' என்று பக்கத்தில் போட்டிருக்கலாம்தான். அதற்கு இடம் போதவில்லை.)

அது முழுப் பொய்யும் இல்லை. கல்லூரிக் கடைசி வருடத்தில் மூன்று வாரம் ஜப்பானிய வகுப்புக்குப் போயிருந்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவேன். 'இது பேனா' என்று சொல்வேன். சித்திர எழுத்துகளில் இரண்டு தெரியும். சதுரம் போட்டால் வாய். அதன் நடுவே ஒரு கோடு இழுத்தால் சூரியன். நான்காவது வாரம் எழுத்துகளில் கோடுகள் அதிகமானதும் நின்றுவிட்டேன்.

இந்தப் புலமையோடு 2003-இல் தொம்மலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. எனக்கு ஊர் ஆம்பூர், பெங்களூரில் ஒருவரையும் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரி ஸ்டெல்லாதான் லிங்கராஜபுரத்தில் தன் வீட்டு மாடியறையை எனக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். அந்த மேசையில் சாப்பாடு பத்து நிமிடம், சீட்டாட்டம் ஐம்பது நிமிடம்.

சீட்டு என்றால் ரம்மி இல்லை. பூதம், மந்திரவாதி, ராட்சசப் பல்லி என்று ஆளுக்கு நாற்பது அட்டை சேர்த்து வைத்துக்கொண்டு மோதும் ஆட்டம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், அதன் பலத்துக்கு ஓர் எண், கீழே அது என்ன செய்யும் என்று நாலு வரி. சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது. எங்கள் மேசையில் அதை ஆடியவர்கள் கல்யாண வயதில் இருந்த எஞ்சினியர்கள். சிவாஜிநகர் இர்ஃபான் ஆட்டத்தில் சூரன். தாவணகெரேயிலிருந்து வந்த பசவராஜ் சட்டத்தில் சூரன். விதிப் புத்தகத்தை லேமினேட் செய்து வைத்திருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை இர்ஃபான் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையைப் பிறந்த குழந்தையை எடுப்பதுபோல எடுத்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. சிவப்பும் தங்கமுமாக ஒரு டிராகன். சாய்த்துப் பிடித்தால் செதில்கள் மின்னின. எங்களிடம் இருந்ததிலேயே பெரிய ராட்சசனின் பலம் மூவாயிரம். இந்த டிராகனுக்கு ஒன்பதாயிரம். கீழே நாலு வரி, அத்தனையும் ஜப்பானியத்தில்.

"இது என்ன செய்யும்னு தெரியாம எப்படி ஆடறது?" என்றான் பசவராஜ்.

ஸ்டெல்லா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "ஏன்பா, நம்ம செல்விக்கு ஜப்பானீஸ் தெரியும்ல? பயோடேட்டாவுல போட்டிருக்கேன்னு சொன்னாளே."

மூன்று முகங்கள் என் பக்கம் திரும்பின. அந்த ஊரில் எனக்கு இருந்த மொத்த நண்பர்களும் அந்த மூன்று முகங்கள்தான். அட்டையை வாங்கி, கண்ணைச் சுருக்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நாலு வரியிலும் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள். நடுவே, கடவுள் புண்ணியத்தில், தெரிந்த முகங்கள் இரண்டு. மூன்றாவது வரியில் சூரியன். நான்காவது வரியில் வாய்.

டிராகன், சூரியன், வாய். இதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேண்டும்?

டிராகன் வாயைத் திறந்து சூரியனைப் போன்ற நெருப்பைக் கக்கும், எதிராளி இறக்கி வைத்திருக்கும் அத்தனை அட்டையும் சாம்பலாகும் என்று அறிவித்தேன். இர்ஃபான் எழுந்து நின்றுவிட்டான். என் டிபன் பாக்ஸில் அவன் வீட்டுக் கபாப் இரண்டு வந்து விழுந்தன.

அன்று முதல் எங்கள் மேசை இரண்டாகப் பிரிந்தது. இர்ஃபான் டிராகனை இறக்கினால் அதோடு ஆட்டம் முடிந்தது. அவன் தொடர்ந்து பதினோரு நாள் ஜெயித்தான். இப்படி ஒரு அட்டை இருந்தால்தான் ஆட்டத்துக்கே கௌரவம் என்பது அவன் கட்சி. அட்டை கையில் வரும்வரை உயிரோடு இருப்பதும் திறமைதான் என்றான். இது ஆட்டமே இல்லை, கொள்ளை, இந்த அட்டையைத் தடை செய்ய வேண்டும் என்பது பசவராஜ் கட்சி. 'டிராகனைத் தடை செய்யப் பதினான்கு காரணங்கள்' என்று மின்னஞ்சலே அனுப்பினான். (அதில் ஒன்பதாவது காரணம், இர்ஃபான் சிரிக்கும் விதம்.) ஸ்டெல்லாவுக்கு இரண்டு கட்சியும் ஆகாது. டிராகன் பாவம், அதை வைத்துக்கொண்டு இவர்கள் இருவரும்தான் ஆடுகிறார்கள் என்பாள்.

ஒரு நாள் பசவராஜ் என் நாற்காலிக்கு வந்தான். கையில் அவன் அம்மா செய்த நிப்பட்டு (நம்மூர் தட்டை) ஒரு டப்பா, வாயில் பாதி கன்னடம்.

"நோடு செல்வி, இது நியாயமா? ஏதோ ஒரு கண்டிஷன் இருக்கணுமே. இன்னொரு தடவ ஸ்வல்ப நல்லாப் படிச்சுப் பாரு."

நிப்பட்டு மொறுமொறுவென்று இருந்தது. படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது! டிராகனை இறக்கும் முன் கையில் இருக்கும் அட்டைகளில் இரண்டைத் தியாகம் செய்ய வேண்டுமாம். முதல் வரியில் சின்ன எழுத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை என்றேன். அடுத்த வாரம் இர்ஃபான் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தியாகம் செய்த இரண்டு அட்டைகளும் அடுத்த சுற்றில் திரும்பி வந்துவிடும் என்று இரண்டாவது வரியில் கண்டுபிடித்தேன். பிறகு மைசூர்பாகு. பிறகு ஷீர்குர்மா. இரண்டு மாதத்தில் அந்த நாலு வரியிலிருந்து இரண்டு பக்கச் சட்டம் எழுதிவிட்டேன். எனக்கு நாலு கிலோ ஏறியிருந்தது.

ஜப்பானிய மொழி மிகவும் சுருக்கமானது என்று எல்லாரையும் நம்ப வைத்திருந்தேன்.

என் புகழ் மேசையைத் தாண்டி மேனேஜர் மேடம் வரை போனதுதான் வினை. எங்கள் நிறுவனத்துக்கு ஒசாகாவில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. மேடம் என்னைக் கூப்பிட்டு, அடுத்த திட்டத்துக்கு மூன்று மாதம் ஒசாகா போக என் பெயரைச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லத்தான் திறந்தேன்.

அன்று மாலையே ஆம்பூருக்குப் போன் செய்தேன். அப்பா போனை வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாராம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். அங்கே போகும்போது கோடைக்காலம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் மேசையில் இறுதிப் போட்டி. இர்ஃபானும் பசவராஜும் மோதினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். பசவராஜ் ஜெயிக்க ஒரே ஒரு அட்டை பாக்கி. இர்ஃபான் டிராகனை இறக்கினான். பசவராஜ் உடனே ஆட்சேபம் எழுப்பினான். தியாகம் செய்தபோது இர்ஃபானிடம் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது, இரண்டாவது எங்கே என்றான். எல்லாரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள். நான் யாருடைய டப்பா கடைசியாக வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேனேஜர் மேடம் உணவறைக்குள் வந்தார். கூடவே கறுப்புக் கோட்டு போட்ட, மெலிந்த, சிரித்த முகமுள்ள ஒருவர். ஒசாகா வாடிக்கையாளர், தனாகா-சான்.

மேசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தன் மகனும் இதை ஆடுவான் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். நான் மேசைக்கு அடியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். பசவராஜுக்கோ நீதி கிடைக்கும் தருணம். டிராகனை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டி, தயவுசெய்து வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டான்.

தனாகா-சான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் சொன்னது இதுதான்.

"இது நினைவுப் பரிசு. ஆட்டத்தில் பயன்படுத்த முடியாது. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்."

சூரியனும் வாயும் சரியாகத்தான் இருந்தன. நடுவில் இருந்த மொழிதான் தகராறு.

மேசை மொத்தமும் என்னைப் பார்த்து முழித்தது. நிலைமை தெரியாத மேடம் பெருமையோடு என் தோளைத் தொட்டு, இந்தப் பெண்தான் ஒசாகாவுக்கு வரப்போகிறாள், நன்றாக ஜப்பானியம் பேசுவாள் என்றார். தனாகா-சான் குனிந்து வணங்கி என்னிடம் மூச்சுவிடாமல் ஏதோ கேட்டார். எத்தனை நாளாகப் படிக்கிறீர்கள் என்று கேட்டாரோ, இவர்கள் ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று கேட்டாரோ, இன்றுவரை தெரியாது. பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய வாக்கியத்தைத் தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்.

"கோரே வா பென் தேசு."

இது பேனா.

அவர் என் கையைப் பார்த்தார். கையில் பேனா இல்லை. மேசையைப் பார்த்தார். அங்கேயும் இல்லை. ஒரு கணம் யோசித்து, நான் பேனா கேட்கிறேன் என்று முடிவு செய்து, தன் கோட்டுப் பையிலிருந்த பேனாவை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். நானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் மேடம் அறையில் கதவு சாத்தியிருந்தது. எத்தனை வாரம் படித்தாய் என்று கேட்டார். மூன்று என்றேன்.

"டிக்கெட் போடச் சொல்லியாச்சு. ஒசாகா ஏர்போர்ட்ல இறங்கி என்ன பண்ணியிருப்பே? பார்க்கிறவங்க கிட்டெல்லாம் பேனா வாங்கியிருப்பியா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். வேலை போகவில்லை. ஒசாகாவுக்கு அடுத்த மாதம் பசவராஜ் போனான். எனக்கு ஆறு மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு ஜப்பானிய வகுப்பு, கட்டாயம். (அங்கே முதல் நாள் கரும்பலகையில் எழுதியிருந்த வாக்கியம் 'இது பேனா'.)

மேடத்தைவிட மேசைதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் நான் தனியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ஸ்டெல்லா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டிராகன் மேசை நடுவில் இருந்தது. வெயில் படக்கூடாதாமே என்று ஸ்டெல்லா அதற்கு ஒரு உறை போட்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. இர்ஃபான் என்னைப் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்குக் கோபம் பொய்க்கு இல்லை செல்வி. நான் ஜெயிச்சதெல்லாம் ஜெயிச்சதே இல்லைன்னு ஆயிடுச்சுல்ல, அதுக்கு. வீட்ல அம்மாகிட்டகூட சொல்லிட்டேன்." அட்டையை என் பக்கம் தள்ளினான். "ஆனா யோசிச்சேன். அசல் டிராகனுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சொன்ன டிராகனுக்கு நெருப்பாவது கக்கத் தெரியுது. எனக்கு அதுதான் வேணும்."

எல்லாரும் பசவராஜைப் பார்த்தோம். தடை கேட்டுப் போராடியவன் அவன். தனாகா-சான் வாயாலேயே தீர்ப்பும் வாங்கியவன். இரண்டு மாதமாக அந்த டிராகனை எதிர்த்து ஆடித்தான் தன் ஆட்டமே தேறியது, அது இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும் என்று முணுமுணுத்தான். ஒரே நிபந்தனை. என் சட்டத்தை ஒரு தாளில் எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு எந்த டப்பா வந்தாலும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. தனாகா-சானின் பேனாவிலேயே போட்டேன்.

ஊரில்தான் இதைச் சரிசெய்ய முடியவில்லை. போனில் சொன்னபோது அப்பா, "தெருவுல சொல்லிட்டேனேம்மா" என்றார், அவ்வளவுதான். சொன்னதை அவர் திரும்ப வாங்கவே இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எதிர்வீட்டுத் தையல்காரர் ஜப்பானில் குளிர் எப்படி என்று கேட்டார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். (உடனே திருந்திவிட முடியுமா?)

இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா அவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே, பொண்ணு ஜப்பான் போய்ட்டு வந்தவ என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஆர்வமாக, ஜப்பானில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா காபி டம்ளர்களை எண்ணினாள். ஒசாகா என்று சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு ஓரளவு ஜப்பானியமும் வந்துவிட்டது, சமாளித்திருப்பேன். ஏனோ அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர் மேசையில் பேனாவைத் தேடியது ஞாபகத்துக்கு வந்தது.

"போகலைங்க. போற மாதிரிதான் இருந்துச்சு. ஒரு டிராகனாலே போகலை."

முழுக் கதையையும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. காபி ஆறிப்போனது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் அவர் அம்மாவும் சிரித்துவிட்டார். கடைசிவரை சிரிக்காதவர் என் அப்பா மட்டும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் காரணம். கரண்ட் பில் கட்ட மறந்தால், ஒரு டிராகனாலே கட்டலை என்பார் கணவர். மைத்துனர் கல்யாணத்துக்கு நாங்கள் தாமதமாகப் போனது ஒரு டிராகனாலே. போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஆசிரியை என்னை வரச் சொல்லியிருந்தார். பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் நாளிலெல்லாம் ஒரே காரணத்தைச் சொல்கிறாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது பிராணி வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் வளர்த்தேன்" என்றேன்.